நூற்று எழுபத்தாறில் நின்ற கை

இடது உள்ளங்கை காலையில் எழும்போதே விண்ணென்று தெறித்தது. ஏகாம்பரம் கட்டிலில் உட்கார்ந்தபடி அதை மடக்கிப் பார்த்தான். மற்ற விரல்கள் எப்படியோ மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் ஊதிக்கொண்டு, வேறு யாருடையதோ போல விறைத்து நின்றது. தொட்டால் சில்லென்றிருந்தது. நுனியில் கிள்ளினால் தெரியவில்லை. அடியிலோ நெருப்பு வைத்தமாதிரி எரிந்தது.

வலியைப் பற்றி அவனுக்குப் புகார் இல்லை. செங்கல் சூளையில் வளர்ந்த உடம்பு, வலி இல்லாவிட்டால்தான் சந்தேகப்படும். கக்கூசில் கழுவ முடியவில்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரம். வலது கையால் கழுவிவிட்டு அதே கையால் இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதா? இரண்டு மாதமாகத் தண்ணீர்க் குழாயை வலது கையில் பிடித்து, முதுகைச் சுவரில் சாய்த்து, சர்க்கஸ்காரன் மாதிரி ஏதேதோ செய்து தப்பித்து வந்தான். அன்று குழாயில் தண்ணீரும் வரவில்லை.

"இந்தப் பொழப்புக்கு நாலு செங்கல்லத் தலையில போட்டுக்கலாம்" என்று சுவரிடம் சொன்னான்.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, ஒரு காலத்தில் கார் உதிரிபாகக் கிடங்காக இருந்த தகரக் கொட்டகையில்தான் அவனுக்கு வேலை. வாசலில் 'வேக மையம்' என்று பலகை தொங்கியது. கடல் தாண்டி விளையாடுகிற பேஸ்பாலுக்குப் பந்து எறிய ஆள் தயாரிக்கிற இடம். அந்த விளையாட்டைப் பற்றி நம் பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அங்கே உள்ள அணிகளுக்கு வேண்டியது வேகம். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் போதும் என்றிருந்தார்கள், பிறகு நூற்று அறுபது என்றார்கள், பிறகு நூற்று எழுபது. ஒவ்வொரு பத்துக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் முழங்கைகள் அறுந்து விழுந்தன. அவை தீர்ந்த பிறகு, எறிந்து பழகிய கை எந்த ஊரில் மிச்சம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள்.

அப்படிக் கிடைத்தவன் கிஷோர், ஏகாம்பரத்தின் மனைவியுடைய தம்பி. பெரியபாளையம் பக்கம் சூளையில் லாரியில் ஏற்றச் செங்கல் எறிந்தவன். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் அவன் பந்து வீசினால் எதிரணி "மாங்கா அடிக்கிறான், மாங்கா அடிக்கிறான்" என்று கத்தி ஆட்டத்தை நிறுத்திவிடும். கையை மடக்கி எறிவது அங்கே குற்றம். இங்கே அதற்குத்தான் சம்பளம். அவன் கீழே நின்று எறிந்த கல்லை லாரி மேலே நின்று ஆறு வருஷம் பிடித்தவன் ஏகாம்பரம். எறிகிறவனையும் பிடிக்கிறவனையும் ஜோடியாகத்தான் இந்த மையம் எடுத்தது. ஒருவன் போனால் மற்றவனும் போக வேண்டும். பிடிபடாத பந்தின் வேகத்தை அணிகள் கணக்கில் எடுப்பதில்லை. வலையில் எறிந்து என்ன வேகம் காட்டினாலும், எவன் மண்டையில் போய் விழும் என்று தெரியாத பந்து எங்களுக்கு எதற்கு என்றார்கள். நியாயம்தான்.

பந்து எறிகிற மண் மேட்டில் கிஷோர் நின்றான். இந்தப் பக்கம் ஏகாம்பரம் குத்தவைத்து உட்கார்ந்து, தடித்த தோல் கிளவுஸை நீட்டினான். பந்து வந்து அறைந்தது. உள்ளங்கையில் இருந்து தோள் வரைக்கும் ஒரு கம்பி சூடாக ஓடியது. முகத்தை மூடிய கம்பிக் கூட்டுக்குள் அவன் கண்ணை இறுக்கிக்கொண்டான்.

மேலே வேகம் காட்டும் பலகையில் சிவப்பாக எரிந்தது: 176.

"மறுபடியும் நூத்தி எழுவத்தாறு!" பயிற்சியாளர் செல்வின் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். நாகர்கோவில்காரர், ஈட்டி எறிந்து பதக்கம் வாங்கியவர், எதற்கெடுத்தாலும் அவசரம். "என்னலே இது, டோல்கேட்ல நின்ன லாரி மாதிரி? ஒண்ணு கூடணும், இல்ல கொறயணும். ரெண்டு மாசமா இதே நம்பர் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்கி மக்கா!"

"போடறேன் சார்" என்றான் கிஷோர்.

"எப்பல போடுவ? வெளிநாட்டு டீம்காரனுவ இங்க வந்து பாக்க ஃப்ளைட் டிக்கெட் எடுத்தாச்சு."

அடுத்த பந்தும் நூற்று எழுபத்தாறு.

கிஷோரின் முழங்கையைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் மிருதுளா. முழங்கைக்கு உட்புறம் இருக்கிற தசைநாரில் அவர் ஊசி போடுவார். ஊசிக்குள் இருப்பது மருந்து அல்ல, விதை. நாரை ஒட்டியே பட்டு மாதிரி ஓர் இழை பின்னிக்கொண்டு வளரும். முதல் ஊசிக்குப் பிறகு கிஷோர் நூற்று அறுபதிலிருந்து மளமளவென்று ஏறி நூற்று எழுபத்தாறைத் தொட்டான். அங்கேயே நின்றான். நின்றதால் இரண்டாவது ஊசி போட்டார்கள். அதன் பிறகும் நின்றான்.

அன்று மதியம் அவர் கிஷோரின் கையை ஸ்கேனில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துணைக்கு வந்த ஏகாம்பரம் கேட்டான்.

"இது அந்து பூடாதா மேடம்?"

"அறுகாது. லாரியைக் கட்டி இழுத்தாலும் தாங்கும்."

"வலிச்சா?"

"இழைல நரம்பே கிடையாதுங்க. வலிக்காது. முன்னாடி எல்லாம் ஒருத்தன் அளவுக்கு மீறி எறிஞ்சா முதல்ல வலிக்கிறது இந்த இடம்தான். வலிச்சா நிறுத்திடுவான். நிறுத்தலேன்னா அறுந்துடும். எப்படியும் நின்னுடும்."

"இப்ப எங்க நிக்கும்?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "வீட்ல ஃபியூஸ் போயிட்டே இருக்குன்னு கட்டக் கம்பியை மாட்டுவாங்கல்ல? அதுதான் நாங்க பண்ணியிருக்கறது. ஃபியூஸ் போகாது. வேற ஏதாவது போகும். அது எதுன்னு முன்னாடியே பார்க்கணும்னுதான் வாரா வாரம் எலும்பு ஸ்கேன் கேட்டேன். மாசத்துக்கு ஒண்ணு போதும்னுட்டாங்க மேனேஜ்மெண்ட்ல. நான் என்ன பண்ண, மேனேஜ்மெண்ட் தலைல ஏறி உட்காரவா?" சலிப்போடு திரையைத் தட்டினார். "ஆனா இவன் கை ரொம்ப ஒழுங்கா நடந்துக்குது. நூத்தி எழுபத்தாறுல வந்து அழகா நிக்குது. மூணாவது டோஸ் கொடுத்தா உடையும். இங்க எறியற மத்த ஆறு பேருக்கும் இதையே அளவா வெச்சிருக்கேன்."

"உடையும்னா?"

"தடை உடையும்னு சொன்னேன். பயப்படாதீங்க."

கிஷோர் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

ஏகாம்பரம் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிடித்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. கிஷோர் தொட்டி நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா உன் பிரச்சன? மூணாவது ஊசி போடறேன்றாங்க, நீ பாட்டுக்கு வெள்ளரிக்கா துன்ற?"

"உனுக்கு வோணுமா மாமா?"

"அடி வாங்குவ. சொல்லுடா, ஏன் ஏற மாட்டேங்குது?"

"ஏறலன்னா ஏறல. அவ்ளோதான் கை."

"யாராண்ட வுடற? ஆறு வருசம் உன் கல்லப் புடிச்சவன்டா நானு. நீ முழுசா வுட்டா எப்டி வரும், முக்காவாசி வுட்டா எப்டி வரும்னு எனக்குத் தெரியாது? கடைசி நேரத்துல மணிக்கட்டப் புடிச்சிக்கிற. ஏன் புடிச்சிக்கிற?"

கிஷோர் வெள்ளரிக்காயின் காம்பைத் துப்பினான். "உன் கையக் காட்டு."

ஏகாம்பரம் தன்னையறியாமல் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"காட்ட மாட்ட. எனக்குத் தெரியும். ரெண்டு மாசமா துன்னச் சொல்லோ டம்ளர எச்சக் கையில புடிக்கிற. லுங்கி கட்டச் சொல்லோ பல்லுல கடிச்சிக்கிற. நான் இன்னா குருடனா?"

சூளையில் லாரி ஏற்றுகிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. கீழே நின்று எறிகிறவன் மேலே நிற்கிறவனின் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். தோல் பிய்ந்து சிவந்திருந்தால் எறிகிற வேகத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்வான். பிடிக்கிறவன் 'மெதுவா போடு' என்று கேட்க மாட்டான். எறிகிறவனும் 'மெதுவா போடறேன்' என்று சொல்ல மாட்டான். வாய் விட்டால் மேஸ்திரி காதில் விழும், விழுந்தால் அன்றைக்கே ஜோடியைப் பிரித்து வேறு ஆளைப் போட்டுவிடுவான். ஆகவே யாரும் எதுவும் பேசாமல், ஒருவன் கையை இன்னொருவன் கை பார்த்துக்கொள்ளும். நல்ல முறைதான். ஆனால் அங்கே தணித்தால் லாரி அரை மணி தாமதமாகப் புறப்படும், அவ்வளவுதான். இங்கே தணித்ததற்கு ஒருவர் ஸ்கேன் எடுத்து, வரைபடம் போட்டு, ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் இடது கையை முன்னால் கொண்டுவந்து ஒரு தடவை பார்த்தான். பிறகு கத்தினான்.

"அடப்பாவி! எனுக்கோசரம் மெதுவா போட்டுட்டு, கை ஏறலன்னு ரெண்டு ஊசி வாங்கிக்கினியாடா? ரெண்டாவது ஊசி எதுக்குடா? ஒண்ணும் இல்லாததுக்கு வைத்தியமாடா?"

"கத்தாத மாமா. செல்வின் சாருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"இன்னான்னு சொல்றது? எங்க மாமா கை வீங்கிப் போச்சின்னா? நம்ம ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வேற ஜோடி எடுத்திருப்பாங்க. அக்கா என்னிய வூட்டுக்குள்ள வுடுமா?" அவனும் குரலை உயர்த்தினான். "நீ சொல்லியிருக்கலாம் இல்ல? வாயில இன்னா கொழுக்கட்டயா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அப்போதே நேராக டாக்டரிடம் போயிருக்கலாம். ஏகாம்பரம் ஓர் அடி எடுத்தும் வைத்தான். வெளிநாட்டு ஆட்கள் நாளை மறுநாள் வருகிறார்கள். இப்போது சொன்னால் ஏமாற்றுக்காரன் என்று கிஷோர் பெயரில் எழுதுவார்கள், கை ஊனம் என்று தன் பெயரில் எழுதுவார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிப் பெரியபாளையம் போய் மறுபடி மண் மிதிக்க வேண்டியதுதான். ஒரே ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும்.

"மூணாவது ஊசி வோணாம்னுடு" என்றான். "அவங்க வர்ற அன்னிக்கு நேரா முழுசா போடு. நான் கைக்கு மரமரப்பு ஊசி போட்டுக்கினு வரேன். ஒண்ணும் தெரியாது."

"நெசமாவா?"

"நெசமாதான். என் கையப் பாக்காத. பந்தப் பாரு."

வெளிநாட்டு அணியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். வெயிலில் பழுத்துப்போன முகத்தோடு, கொட்டகைக்குள் மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். செல்வின் புதுச் சட்டை போட்டிருந்தார். டாக்டர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது ஊசியைக் கிஷோர் மறுத்துவிட்டானே என்று அவருக்குக் கோபம்.

மருந்தறைக்காரர் டாக்டருக்குத் தெரியாமல் காலையிலேயே ஏகாம்பரத்தின் மணிக்கட்டில் மரக்க ஊசி போட்டிருந்தார். கிளவுஸுக்குள் கை இருக்கிறதா என்று அவனே எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் பந்து. 178. மூன்று பேரில் ஒருவர் நிமிர்ந்தார்.

கிஷோர் பலகையைப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் கையைப் பார்த்தான். அத்தனை தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை ஏகாம்பரத்துக்குப் புரிந்தது, எரிச்சலாக இருந்தது. பந்தைத் திருப்பி எறிந்துவிட்டு, கிளவுஸை வலது முஷ்டியால் ஓங்கி ஓங்கிக் குத்திக் காட்டினான்.

"கையில ஒண்ணும் இல்லடா! வுடு!"

183. செல்வின் "ஏய் மக்கா!" என்று துள்ளினார்.

"இன்னாடா தடவற? வுடுடா நாயே!" என்று ஏகாம்பரம் கத்தினான்.

மூன்றாவது பந்தை ஏகாம்பரம் பார்க்கவே இல்லை. கை போன இடத்துக்குப் பந்து வந்ததா, பந்து வந்த இடத்துக்குக் கை போனதா தெரியாது. கிளவுஸ் மூடியது. அதே நேரத்தில் எங்கோ லாரிப் பலகை முறிகிற சத்தம் கேட்டது. தன் கைதான் போய்விட்டது என்று நினைத்து அவன் கீழே பார்த்தான். கை அப்படியே இருந்தது. பந்து அதற்குள் இருந்தது.

நிமிர்ந்தபோது கிஷோர் மேட்டில் மண்டியிட்டிருந்தான். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மடங்கக்கூடாத இடத்தில், அவன் வலது கை மடங்கியிருந்தது. பலகையில் 189 எரிந்துகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் மிருதுளா படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். எலும்பு ஸ்க்ரூ மாதிரி முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது.

"முழங்கைல ஒரு கீறல் இல்ல. இழை அப்படியே இருக்கு. பிடிச்ச பிடியை விடல. அது விட்டுக்கொடுத்திருந்தா எலும்பு தப்பிச்சிருக்கும்." படத்தைக் கீழே இறக்கினார். "எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ரெண்டு மாசம் நூத்தி எழுபத்தாறுல நின்ன கை, ஒரே நாள்ல எப்படி நூத்தி எண்பத்தொம்பது போகும்? என் கணக்குல எங்கயோ தப்பு. திங்கக்கிழமை இன்னும் ஆறு பேருக்கு ரெண்டாவது டோஸ்."

ஏகாம்பரத்துக்கு மரமரப்பு போய் வலி திரும்பியிருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஆறு பேரும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பவர்கள், குளியலறை வாளிக்கு அவனோடு தினமும் சண்டை போடுகிறவர்கள்.

"கை நிக்கல மேடம். அவன் நிறுத்தினான்" என்றான். இதுவரை மறைத்து வைத்திருந்த இடது கையை அவர் முன்னால் நீட்டினான். "இதுக்கோசரம்."

முழுவதையும் கேட்டு முடித்தபோது டாக்டரின் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஒரே ஒரு வார்த்தை, ஏகாம்பரம்! உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை! முதல் ஊசியே போதுமா இருந்திருக்குமே! நான் அந்த நம்பரை நம்பி..." அதற்கு மேல் திட்ட வார்த்தை கிடைக்காமல் அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல ரத்தமே ஓடலியே. இதை எவ்வளவு நாளா வெச்சிட்டிருக்கீங்க? நானும்தான் தினம் உங்களைப் பார்த்தேன். எறியறவன் கையைத் தவிர எதையும் பார்க்கல. எல்லாரும் முட்டாளுங்க. நானும்தான்." அங்கேயே நின்றபடி போனில் கூப்பிட்டுத் திங்கட்கிழமை ஊசிகளை நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் யாரோ காரணம் கேட்டார்கள். "காரணம் அப்புறம் சொல்றேன், முதல்ல நிறுத்துங்க!" என்று கத்தினார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் செல்வின் வந்தார். துக்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாத முகம்.

"அவனுவகிட்ட பேசிட்டேன். கிஷோரு விஷயம்... அது முடிஞ்சுல. அத விடு. அவனுவளுக்கு எறிய ஆளு வேண்டாமாம். அந்த ஊசி வந்த பெறவு எறியதுக்கு நூறு பேரு இருக்கான். பிடிக்க ஆளு இல்லியாம். நூத்தி எம்பத்தொம்பத கண்ணு சிமிட்டாம பிடிச்சவன் யாருன்னு கேக்கான். உன்னத்தாம்ல."

ஏகாம்பரம் அவரையே பார்த்தான். "சார், எனக்குக் கையே தெரியல. மரக்க ஊசி போட்டுக்கினுதான் புடிச்சேன். அத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேன்ல! நானும் மனுசன்தானே? சிரிக்கான். எங்க ஊர்ல எல்லாவனும் அப்படித்தான் பிடிக்கான்னு சொல்லுகான். விரல ஆபரேசன் பண்ணி அவனே சரியாக்குவானாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் வேணும்."

உள்ளே கிஷோர் படுத்திருந்தான். கைக்குள் கம்பி வைத்துத் திருகியிருந்தார்கள். செல்வினின் குரல் எட்டூருக்குக் கேட்கும், அவனுக்கும் கேட்டிருக்கும்.

"புடிச்சியா மாமா?" என்றான்.

"புடிச்சேன்."

"அப்போ கணக்குல வரும்."

"வரும்."

"எலும்பு டாக்டரு வந்தாரு. தலை சீவலாமாம், சட்ட போட்டுக்கலாமாம். எறியக் கூடாதாம். கல்லும் தூக்கக் கூடாதாம்." இடது கையால் தலையைத் தடவிக்கொண்டான். "பேசாம மொட்ட அடிச்சிக்கினா சீவற வேலயும் இல்ல."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தான் போட்ட கூச்சல் அவன் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஒண்ணும் இல்லடா, வுடு. இன்னாடா தடவற. கிஷோர் தன் கையைப் பார்த்ததும், பார்க்காதே என்று தான் விரட்டியதும் கண்ணுக்குள் நின்றன.

"நீ போ மாமா" என்றான் கிஷோர். "எங்கூட ஒக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற? ரெண்டு பேரும் சும்மா இருந்தா அக்கா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிடும்."

"வாய மூடிக்கினு படுறா."

"அங்க போயி கை வலிச்சா வாயத் தொறந்து சொல்லு."

ஏகாம்பரம் போர்வையை இழுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டான். போடாமல் என்ன செய்வது, இரண்டு வீடு சாப்பிட வேண்டும். மாதா மாதம் அனுப்புவான், கிஷோருக்குக் கல்யாணம் செய்து வைப்பான், ஒரு கடை வைத்துக் கொடுப்பான். அதெல்லாம் செய்யக்கூடியவை, செய்துவிடுவான். அவன் கிஷோருக்குத் தர வேண்டியது அதெல்லாம் அல்ல. தர வேண்டியது ஒரு வலது கை. அது அப்படியே பாக்கி நிற்கிறது.